பத்துக்குப் பதினொன்று

ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவர் வேலை என்பது, ஒரு சிறுமி ஒன்றரை நிமிடம் உயிரைக் கொடுத்துச் செய்வதைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, அவளுடைய கால் கட்டைவிரல் நீளவில்லை என்று எழுதி வைப்பது. காலனி கோலப் போட்டிக்கோ பள்ளி மாறுவேடப் போட்டிக்கோ ஒரே ஒரு முறை மார்க் போட்டுவிட்டு, அதன்பின் அந்தத் தெருவில் செல்போனைப் பார்ப்பதுபோல் நடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே குடும்பம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அனகாபுத்தூர். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கர். வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான் என்பதால் பட்டச் சான்றிதழின் ஜெராக்ஸ் எப்போதும் என் பையில் இருக்கும். இதுவரை யாரும் கேட்டதில்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். அங்கே ஜனவரியில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியைக்கு ஒரு நிரந்தர இடம் வருவதாகவும், நடுவர் சான்றிதழ் இருந்தால் அது எனக்குத்தான் என்றும் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மீதி இருந்தது ஓர் அட்டை. அதில் நான்கு கட்டங்கள். நான்கு போட்டிகளில் மூத்த நடுவருடன் உட்கார வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: "பார்த்ததை மட்டும் எழுதினாரா?" மூத்த நடுவர் 'ஆம்' என்று டிக் செய்து கையெழுத்துப் போட வேண்டும். நான்கு 'ஆம்' சேர்ந்தால் சான்றிதழ். அதுவும் டிசம்பருக்குள். ஏனென்றால் நான்கு வருடத்துக்கு ஒரு முறை, ஒலிம்பிக் முடிந்த வருடத்தோடு எங்கள் விதிப்புத்தகம் மாறிவிடும். பழைய புத்தகத்தில் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஒரு வருடம் அவகாசம் உண்டு. வாங்காதவர்கள் புதுப் புத்தகத்தைப் படித்து முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும்.

பாஸா, ஃபெயிலா

முதல் போட்டி குரோம்பேட்டையில். அங்கே நான் கழிக்கும் மேசையில் உட்கார்ந்தேன். எங்களிடம் இரண்டு மேசைகள் உண்டு. ஒரு மேசை கூட்டும்: அந்தப் பெண் என்னென்ன கஷ்டமான வித்தைகள் செய்தாள் என்று எண்ணி மதிப்புப் போடும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. இன்னொரு மேசை கழிக்கும்: பத்திலிருந்து ஆரம்பித்து, முழங்கால் மடங்கினால் கொஞ்சம், தள்ளாடினால் கொஞ்சம், விழுந்தால் முழுதாக ஒன்று என்று குறைத்துக்கொண்டே வரும். இரண்டையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதுவார்கள்.

கரும்பலகையில் 10.65 என்று எழுதியதும் ஒரு அப்பா நேராக என்னிடம் வந்தார். அவர் சின்ன வயதில் டிவியில் பார்த்த ஜிம்னாஸ்டிக்ஸில் பத்துதான் உச்சம். பத்து வந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். தன் மகள் பத்தைத் தாண்டிவிட்டாளே, எழுந்து நிற்க ஏன் ஆளில்லை என்பது அவர் கேள்வி. நான் கவனமாக விளக்கினேன். அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் பத்துக்குள் அடக்கினார்கள். போகப் போகப் பெண்கள் செய்யும் வித்தை பெரிதாகிக்கொண்டே போனது, பத்து மட்டும் பத்தாகவே இருந்தது. பெரிய வித்தை செய்பவளுக்கும் சின்ன வித்தையைச் சுத்தமாகச் செய்பவளுக்கும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது. அதனால் சுமார் இருபது வருடத்துக்கு முன் கூரையைப் பிரித்துவிட்டு, கூட்டல் தனி, கழித்தல் தனி என்று ஆக்கினார்கள். இப்போது பதினொன்றும் வரும், பதினான்கும் வரும். அவர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"அதெல்லாம் சரிம்மா, எம் பொண்ணு பாஸா ஃபெயிலா, அத மட்டும் சொல்லு."

அம்பு ஸ்டிக்கர்

அன்று என் முதல் 'ஆம்' கிடைத்தது. அட்டையை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவின் வேலை எட்டு மணி நேரம் நின்றபடி சட்டைகளைப் பார்ப்பது. தையல் கோணினால், நூல் தொங்கினால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டில் எந்தத் துணியைத் தொட்டாலும் எங்காவது ஒரு அம்பு ஒட்டியிருக்கும். என் கல்லூரிப் பையில்கூட ஒன்று இருந்தது.

நான் கழித்தல் அட்டவணையை உரக்கப் படிக்க, அம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கை மடங்கினால் இவ்வளவு, இறங்கும்போது ஒரு அடி நகர்ந்தால் இவ்வளவு. "அட, நம்ம வேலதான்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அன்று ஒரு பெண் பீமில், அதாவது உள்ளங்கை அகலக் கட்டையில், இரண்டு முறை விழுந்ததையும், நான் இரண்டு கழித்ததையும், அவள் என்னைப் பார்த்துக்கொண்டே அழுததையும் சொன்னேன். எனக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொன்னேன். அம்மாவின் கை கீரையில் நின்றது.

"அப்ப நம்ம வேல இல்லடி. சட்டையத் தூக்கிப் போட்டா சட்டை அழாது."

புத்தகத்தோடு வந்தவர்

இரண்டாவது போட்டி பீர்க்கன்கரணை பக்கம். இந்த முறை கூட்டும் மேசை, பியூலா மேடத்துக்குப் பக்கத்தில். பியூலா மேடம் முப்பது வருடமாக நடுவர். பத்துக் காலத்தில் ஆரம்பித்தவர். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றும், போட்டி என்றால் இஸ்திரி போட்ட காட்டன் புடவையில் வந்து முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். என் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

சுரேஷ் என்ற கோச், தன் மாணவி பீமில் இரண்டு தாவல்களை நிறுத்தாமல் இணைத்துச் செய்ததற்கு உபரி மதிப்பு கொடுக்கவில்லை என்று கேட்க வந்தார். எங்கள் விதிப்படி கோச் தன் மாணவியின் கூட்டலை மட்டும்தான் கேட்கலாம். கழித்தலைக் கேட்கக் கூடாது, அடுத்தவர் மாணவியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அவர் கையில் விதிப்புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் காகிதம் ஒட்டியது. எனக்கு வியர்த்துவிட்டது, என்னைவிட அவர் நன்றாகப் படித்திருந்தார். "நடுவுல நின்னா சுரேஷ்" என்றார் மேடம். "நிக்கல மேடம், மூச்சு விட்டா." "மூச்சு விடறதுக்கு நின்னா." கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் சுரேஷ் சிரித்துவிட்டார். டீ இடைவேளையில் அந்தப் புத்தகத்தை எனக்குப் புரட்டிக் காட்டினார். எந்த வித்தைக்கு என்ன மதிப்பு, எதை எதோடு ஒட்டினால் லாபம் என்று முழுக்கப் பென்சில் கணக்கு.

"முன்னெல்லாம் பொண்ணுக்கு என்ன வருதோ அத சொல்லிக் குடுத்தோம். இப்ப புத்தகத்துக்கு என்ன வேணுமோ அத சொல்லிக் குடுக்கறோம்."

அப்பாவின் ஆட்டோவில்

கூட்டும் மேசையில் ஒரு தொல்லை உண்டு. ஒரு பெண் ஃப்ளோரில், அதாவது தரை மெத்தையில், ஒன்றரை நிமிடத்தில் செய்வதையெல்லாம் வார்த்தையில் எழுத நேரமிருக்காது. அதனால் ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு குறி. ஒரு கோடு, ஒரு சுழி, ஒரு கொக்கி. கண் பெண்மேல் இருக்க வேண்டும், கை தானாக எழுத வேண்டும், காகிதத்தைக் குனிந்து பார்க்கக் கூடாது. குனிந்த நேரத்தில் அவள் ஒரு வித்தை முடித்திருப்பாள்.

எனக்கு இது வரவே இல்லை. அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். காலைப் பயிற்சியிலேயே ஒவ்வொரு பெண்ணின் வரிசையையும் பார்த்து மனப்பாடம் செய்துவிடுவேன். பரீட்சைக்கு எப்போதும் அப்படித்தான் படித்திருக்கிறேன். அவள் ஆட ஆரம்பித்ததும் என் கை அவளோடு ஓடும். சில சமயம் அவளுக்கு அரை நொடி முன்னாலேயே ஓடும். இதைப் பெரிய திறமை என்று நினைத்தேன். அப்பா வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடி மடியிலிருந்த நோட்டில் சுழியும் கொக்கியுமாகப் போட்டுப் பழகினேன். பின்சீட்டிலிருந்து மீன்கூடையோடு ஓர் அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பம்மல் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை. என் தோளைத் தட்டினார்.

"இன்னாமா, ஜாதகம் எய்துறியா? எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்னு அதுல கீதா, பாத்துச் சொல்லு."

மழையில் ஒரு வீடியோ

மூன்றாவது போட்டி ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டது. கூரை ஒழுகி மெத்தை நனைந்துவிட, காயும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பியூலா மேடம் தன் போனில் பழைய ஒலிம்பிக் வீடியோ ஒன்றைப் போட, பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். நிறம் மங்கிய வீடியோ. பீமில் ஒரு பெண் நடக்கிறாள், திரும்புகிறாள், கையூன்றிக் கரணம் அடிக்கிறாள், ஒரு சின்னத் தாவல், இறங்குகிறாள். மார்க் ஏறக்குறைய பத்து. பார் ஆட்டத்திலோ இரண்டு கம்பிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேல் கம்பியில் தொங்கியபடியே கீழ்க் கம்பியில் இடுப்பை மோதிச் சுருண்டுகொண்டார்கள். இப்போது அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ போகும்.

"மேடம், இது எங்க வார்ம்-அப் மேடம்" என்றாள் தன்ஷிகா. பதினோரு வயது, சுரேஷ் கோச்சின் மாணவி, மாவட்டத்திலேயே உயரமாக எகிறுகிறவள். எல்லோரும் சிரித்தார்கள். மேடத்துக்கு முகம் சுருங்கியது. அப்போது மெத்தை மெலிசு, பீமின் மேல் பஞ்சு கிடையாது, விழுந்தால் எலும்புதான் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. தன்ஷிகா மட்டும் போனை வாங்கி இன்னொரு முறை ஓட்டினாள். இன்னொரு முறை. பிறகு சத்தமில்லாமல், "இவங்களுக்கு எப்படி மேடம் கால் ஆரம்பத்திலேர்ந்து கடைசி வரைக்கும் நேராவே இருக்கு?" என்று கேட்டாள். மேடம் போனைத் திருப்பி வாங்கிப் புடவை நுனியால் துடைத்தார்.

"அதுக்குத்தான்டி பத்து."

எண் பதினான்கு

மூன்று 'ஆம்' ஆயிற்று. நான்காவது போட்டி டிசம்பரில், தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு பள்ளி அரங்கில். பழைய புத்தகத்தின் கடைசிப் போட்டி. என்னுடைய கடைசி வாய்ப்பும் அதுதான். கூட்டும் மேசையில் பியூலா மேடமும் நானும். ஃப்ளோரில் தன்ஷிகா. காலைப் பயிற்சியில் அவள் கடைசி ஓட்டத்தை ஒன்றரைச் சுற்றோடு மூன்று முறை முடித்ததைப் பார்த்திருந்தேன். அவள் எங்கள் மேசைக்கு முன்னாலிருந்த மூலையை நோக்கி ஓடிவந்து, கையூன்றித் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக எகிறினாள். அதே நேரம் பக்கவாட்டில் கோட்டு நடுவர் கொடியைத் தூக்கினார். கை கோட்டுக்கு வெளியே பட்டுவிட்டதாம். மேடம் திரும்பி அந்தக் கொடியைப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும், "கடைசியில என்ன பண்ணினா?" என்று என்னைக் கேட்டார். நான் என் காகிதத்தைப் பார்த்தேன். தெளிவாக எழுதியிருந்தது. "ஒன்றரை மேடம்." கரும்பலகையில் மார்க் ஏறியது. மெர்லின் என்ற பெண்ணைவிட 0.05 அதிகம். தன்ஷிகா முதல், மெர்லின் இரண்டாவது.

டீ குடிக்கும்போதுதான் எனக்கு ஒரு ஊக்கு ஞாபகம் வந்தது. தன்ஷிகாவின் முதுகில் குத்தியிருந்த எண் 14-இல் ஒரு பக்க ஊக்கு கழன்று தொங்கியது. அவள் கடைசியாக இறங்கி நின்றபோது, ஐயோ குத்திவிடப் போகிறதே என்று நினைத்தேன். டீ கையிலேயே நின்றுவிட்டது. ஒன்றரைச் சுற்று சுற்றியிருந்தால் அவள் எங்கள் பக்கம் முகத்தைக் காட்டி இறங்கியிருக்க வேண்டும். எனக்கு முதுகு தெரிந்தது. முதுகு தெரிந்தால் ஒரே சுற்று. ஒரு சுற்றுக்கு மதிப்பு 0.1 குறைவு. என் கை அவள் எகிறும் முன்பே ஒன்றரைக்கான குறியைப் போட்டுவிட்டது. நான் அவளைப் பார்த்தேன், ஆனால் காலையில் பார்த்ததை எழுதினேன். மெர்லினின் கோச் இதைக் கேட்க முடியாது, அடுத்தவர் மாணவி. தன்ஷிகாவின் கோச் ஏன் கேட்கப் போகிறார்? மேடமோ பார்க்கவில்லை. உலகத்தில் அந்த 0.1 என்னிடம் மட்டும் இருந்தது. பையில் அட்டையும் இருந்தது.

உங்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் டீயைக் குடித்து முடித்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். நானும் பாதி குடித்தேன். பிறகு மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமா?" "ஊக்கு தெரிஞ்சது மேடம்." "யாராவது கேட்டாங்களா?" "இல்ல மேடம்." மேடம் மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "நீ சொன்னதாலதான் குடுத்தேன். நீ சொல்றதாலேயே எடுத்துடறேன்" என்று சொல்லி, அதில் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மெர்லின் முதல், தன்ஷிகா இரண்டாவது. அறிவிப்பு வந்ததும் நானே தன்ஷிகாவிடம் போய், தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் பாவாடை போலச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கால் வழுக்கற மாதிரி இருந்துச்சு மிஸ், அதான் ஒண்ணோட நிறுத்திட்டேன். போர்டுல மார்க்கப் பாத்ததும், மிஸ்ஸுக்குக் கணக்கு வராது போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

நான்காவது கட்டம்

அரங்கம் காலியான பிறகு மேடத்திடம் அட்டையை நீட்டினேன். நீட்டாமலே போய்விடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அதுவும் ஒரு பொய் மாதிரி இருந்தது. மேடம் நான்காவது கட்டத்திலிருந்த கேள்வியை வாய்விட்டுப் படித்தார். "பார்த்ததை மட்டும் எழுதினாரா?" பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். "இதுல திருத்திச் சொன்னாளான்னு ஒரு கேள்வி இல்லையே" என்று அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் செய்து கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து அன்று கொஞ்சம் கோணலாக இருந்தது. செக்கர் கண்ணில் பட்டால் அம்பு ஒட்டியிருப்பார்கள்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் போய், சான்றிதழ் வரவில்லை, இன்ன காரணம் என்று சொன்னேன். ஜூன் வரை தற்காலிகமாகவே இருங்கள், சான்றிதழோடு வந்தால் பார்க்கலாம் என்றார். அந்த இடம் அதுவரை காத்திருக்குமா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் அப்பா, "சரி விடு, அடுத்த ட்ரிப்புல ஏறிக்கலாம்" என்றார். அம்மா அட்டையை வாங்கி 'இல்லை'யை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் அதையும் பத்திரப்படுத்தினார்.

ஜனவரி முதல் வாரத்தில் புதுப் புத்தகம் வந்தது. சில வித்தைகளுக்கு மதிப்பு ஏறியிருந்தது, சிலவற்றுக்கு இறங்கியிருந்தது, சில குறிகளே மாறியிருந்தன. மனப்பாடம் செய்ததில் பாதி வீண். அன்று சாயங்காலம் பியூலா மேடம் போன் செய்தார். தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். தானும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். உங்களுக்குத்தான் ஒரு வருடம் அவகாசம் இருக்கிறதே மேடம் என்றேன்.

"ஏழு புத்தகம் தனியாப் படிச்சுட்டேன், எட்டாவதுக்குத் துணை வேணும். என் பக்கத்துல உக்காரு, ஆனா கேள்வித்தாள் கையில வர்றதுக்கு முன்னாடியே பதில் எழுத ஆரம்பிச்சுடாத."

ஆக மொத்தம் மூன்று 'ஆம்', ஒரு 'இல்லை'. பத்துக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் பத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் புதுப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்கிறேன்.